தலைக்குப் பின்னால் நாலு விரல்

குன்னூரில் அப்பா நடத்தும் குஷன் கடையின் பரணில் சாக்கு மூட்டைகளில் ஹெட்ரெஸ்ட்கள், கார் சீட்டின் மேல் தலைக்குப் பின்னால் நிற்கும் திண்டுகள், கட்டிக் கிடக்கின்றன. சீட் கவர் மாட்ட வந்தவர்கள், கிழிந்த ரெக்சினைத் தைக்க வந்தவர்கள், புது டாக்சி எடுத்த கையோடு வண்டியை உள்ளே ஜோடிக்க வந்தவர்கள் எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டு, "அப்புறமா வந்து எடுத்துக்கறேங்ணா" என்று விட்டுப் போனவை. அநேகமாக எல்லாமே பின் சீட்டுக்கு உரியவை. அப்பா எதையும் தூக்கிப் போடுவதில்லை. எந்த வண்டியுடையது என்று சாக்பீஸால் எழுதி, ராடு துருப்பிடிக்காமல் எண்ணெய் துடைத்து வைத்திருக்கிறார். என்றைக்காவது கேட்டு வருவார்கள் என்று நம்புகிறார்.

கழற்றச் சொல்பவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. மலையில் ரிவர்ஸ் எடுப்பது அன்றாட வேலை. எதிரே பஸ் வந்தால் வளைவு வரைக்கும் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டுச் சந்துகளில் திருப்ப இடமிருக்காது. அந்த நேரத்தில் பின் கண்ணாடியில் மூன்று கறுப்புத் திண்டுகள் நின்றால் பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. இன்னொரு கூட்டத்துக்குச் சரக்கு. கேரட் மூட்டையோ முட்டைக்கோஸ் மூட்டையோ ஏற்றுவதற்குப் பின் சீட்டை மடிக்க வேண்டும். ஹெட்ரெஸ்ட் இருந்தால் சில வண்டிகளில் சீட்டு முழுசாகப் படியாது. மூன்றாவது காரணம்தான் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது: "முதுகுல குத்துதுங்ணா."

குத்தத்தான் செய்யும். அதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பின் சீட்டு ஹெட்ரெஸ்ட்களில் ஒரு வகை உண்டு, பக்கவாட்டில் பார்த்தால் வளைந்து, சீட்டின் தோளைக் கவ்விக்கொண்டு உட்காரும். ஆள் இல்லாதபோது கீழே இறக்கிவிட்டால் ஓட்டுநருக்குப் பின் கண்ணாடி தெளிவாகத் தெரியும். ஆள் உட்கார்ந்தால் அது தோள்பட்டைக்கு நடுவே உறுத்தும். உறுத்தினால் மனிதன் என்ன செய்வான், மேலே தூக்கிவிடுவான். தூக்கினால் அது தலைக்கு நேராக வந்து நிற்கும். உட்காருபவரின் அசௌகரியத்தை வைத்தே அவரைப் பாதுகாப்பான நிலைக்குத் தள்ளும் யோசனை அது. ரிவர்ஸ் எடுக்கும் சிரமத்தையும் பின்னால் உட்காருபவரின் கழுத்தையும் ஒருசேர நினைத்துப் பார்த்த யாரோ ஒரு வடிவமைப்பாளரின் நல்ல வேலை. நம் ஊரில் அது கழற்றப்பட்டுச் சாக்கு மூட்டைக்குள் போகிறது.

நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்து கடையில் கூடமாட இருப்பதால், கழற்ற வருபவர்களிடம் பேசுவது என் வேலையாகிவிட்டது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நின்றுகொண்டிருக்கும் பஸ் திடீரென்று கிளம்பினால், கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பின்னால் சாய்கிறார். அவரை யாரும் பின்னால் தள்ளவில்லை. கால் பஸ்ஸோடு முன்னால் போய்விட்டது, உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நிற்கும் காரைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடிக்கும்போது நம் கழுத்துக்கு நடப்பதும் இதுதான். கார் முன்னால் எகிறுகிறது. சீட்டின் சாய்மானம் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது. தலைக்கு மட்டும் பின்னால் தாங்க எதுவும் இல்லையென்றால், அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை. அதன் அடியிலிருந்து உடம்பை உருவி எடுத்தால் நடுவில் மாட்டிக்கொள்வது ஏழு சின்ன எலும்புகளும், அவற்றைக் கோத்துப் பிடித்திருக்கும் மூட்டுகளும் தசைநார்களும்.

பார்க்கிறவருக்குத் தலை பின்னால் வெட்டியது போலத் தெரியும். உண்மையில் முன்னால் போனது உடம்புதான். இதைச் சொன்னால் ஸ்டாண்டு டிரைவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். எத்தனையோ வருஷம் ஹாஃப் கிளட்ச்சில் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்த ஆட்களுக்கு உடம்பும் வண்டியும் தனித்தனி என்பது படித்துத் தெரிய வேண்டியதில்லை.

காரில் தலைக்குத் திண்டு வைக்கும் யோசனை பழையது. அமெரிக்காவின் ஓக்லண்டில் பெஞ்சமின் காட்ஸ் என்பவர் 1921-லேயே அதற்குக் காப்புரிமை கோரினார். ஆனாலும் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரிதாக எந்த வண்டிக்கும் வரவில்லை. இந்த மலையில் ஓடிய பழைய அம்பாசடர்களை நினைத்துப் பாருங்கள்: சோபா மாதிரி நீளமான சீட்டு, சாய்மானம் தோளோடு முடிந்துவிடும், அதற்கு மேல் வெறும் காற்று. 1969 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களின் முன் சீட்டுகளில் இது கட்டாயமானது. உட்காரும் இடத்திலிருந்து சுமார் 700 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. தலை சாய்மானத்துக்கு மேலாகப் பின்னால் மடிந்து விழுந்துவிடக் கூடாது, அதைத் தடுத்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தார்கள்.

அந்த விதியால் பலன் கிடைத்ததா என்று 1982-ல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கெடுத்தது. சீட்டோடு சேர்ந்தே உயரமாக வார்த்த, அசைக்க முடியாத வகை, பின்மோதல்களில் காயத்தை 17 சதவீதம் குறைத்திருந்தது. மேலே கீழே நகர்த்தக்கூடிய வகை 10 சதவீதம்தான் குறைத்திருந்தது. கடைக்கு வருபவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நகர்த்தக்கூடியதுதானே விலை கூடிய மாடலில் வருகிறது, அதெப்படிக் குறைவாகக் காப்பாற்றும்? காரணம் ரொம்ப எளிது. நகர்த்த முடிகிற ஹெட்ரெஸ்ட்டை யாரும் நகர்த்துவதில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது அடியில் அமுங்கி இருந்தால், வண்டி பழைய இரும்புக்குப் போகும் வரை அப்படியே இருக்கும். அடியில் அமுங்கிய திண்டு கழுத்தின் நடுவில்தான் முட்டும்; அதற்கு மேலே தலை தாராளமாகப் பின்னால் மடியும்.

பிறகு வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படும் கண்டுபிடிப்பு. 1997-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபி இருந்த ஆய்வுக் குழு, இறந்தவர்கள் தானம் தந்த கழுத்தெலும்புத் தொடர்களைச் சறுக்கு மேடையில் வைத்துப் பின்மோதலை நடத்திப் பார்த்தது. தலை பின்னால் மடிவதற்கு முன்பே கழுத்து ஒரு வினோதமான வடிவம் எடுப்பதை அவர்கள் கண்டார்கள். கீழ்க்கழுத்து பின்பக்கமாக வளைகிறது, மேல்கழுத்து அதற்கு நேர்மாறாக முன்பக்கமாகக் குனிகிறது. பாம்பு நெளிவது போல இரட்டை வளைவு. மோதலின் முதல் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் இது நடந்துவிடுகிறது. கழுத்துத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ள அந்த நேரம் போதாது. கீழ்க்கழுத்தின் மூட்டுகள் இயல்பான எல்லையைத் தாண்டி இழுபடுவது அப்போதுதான்.

அப்படியானால் தலை வெகுதூரம் பின்னால் போய்ப் பிறகு திண்டில் விழுந்து என்ன பயன்? அது விழும்போது கெடுதல் நடந்து முடிந்திருக்கும். உயரம் வேண்டும், உயரத்தோடு தலைக்கும் திண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் சுருங்க வேண்டும். அமெரிக்காவில் 2004-ல் விதியைத் திருத்தியபோது முன் சீட்டு ஹெட்ரெஸ்ட்டை 800 மில்லிமீட்டர் உயரம் வரைக்குமாவது தூக்க முடிய வேண்டும், இடைவெளி 55 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினார்கள். அந்த இரண்டாவது எண்ணிலிருந்துதான் புதுக் கார்களில் ஹெட்ரெஸ்ட் முன்னால் துருத்திக்கொண்டு வர ஆரம்பித்தது. "தலையைத் தள்ளுதுங்ணா, திருப்பி மாட்டிக் குடுங்க" என்று அதையும் கடைக்குக் கொண்டு வருகிறார்கள். பின்பக்கம் முன்னாலாக மாட்டினால் தலைக்குத் தள்ளல் இருக்காது. வாங்கிய பாதுகாப்பும் இருக்காது.

சாப் கம்பெனி 1997-ல் தன் 9-5 காரில் ஒரு நெம்புகோல் வைத்தது. பின்னாலிருந்து இடி விழுந்தால் உட்கார்ந்தவரின் முதுகே சாய்மானத்துக்குள் ஒரு தகட்டை அமுக்கும். அந்த விசை ஹெட்ரெஸ்ட்டை மேலேயும் முன்னாலும் தூக்கித் தலையைப் போய்ப் பிடிக்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அடுத்த ஆண்டு வோல்வோ எஸ்80 காரில் வேறு வழியைப் பிடித்தார்கள். சாய்மானமே உடம்போடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் விட்டுக்கொடுத்து, அடியின் வேகத்தைத் தணிக்கும். இரண்டு வழிக்கும் நோக்கம் ஒன்றுதான்: தலையும் முதுகும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் போக வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் மலைதான் நினைவுக்கு வந்தது. இந்தக் கணக்குகள் எல்லாம் ஆள் சாய்ந்து ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கின்றன. நீலகிரியில் காரோட்டுகிறவர் எப்போது சாய்ந்து உட்கார்கிறார்?

மேகம் இறங்கிய மாலையில் லவ்டேல் பக்கம் வருகிறவரைக் கவனியுங்கள். வைப்பர் ஓடும், மஞ்சள் விளக்கு எரியும், ஆள் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்திருப்பார். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தேடும் அவசரம். பனியில் ஒரு முழம் முன்னால் சாய்ந்தால் கூடுதலாக எதுவும் தெரிந்துவிடாது, ஆனாலும் உடம்பு தானாகச் சாய்கிறது. அந்த நேரத்தில் அவருடைய தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவே ஒரு அடிக்கு மேல் இருக்கும். பின்னால் வருகிறவருக்கும் இவர் தெரியமாட்டார் என்பதால், பின்னாலிருந்து இடி வாங்குவதற்கு அதைவிட வாகான நேரம் கிடையாது. எந்தப் பொழுதில் அந்தத் திண்டு அதிகமாகத் தேவையோ அந்தப் பொழுதில் தலை அதைவிட்டு விலகி இருக்கிறது.

இறக்கமும் அப்படித்தான். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது பூமியே நம்மைச் சீட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. முதுகும் தலையும் சாய்மானத்தில் படிந்திருக்கும். பதினாலு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்போது உடம்பு முன்னுக்குச் சரிகிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் இன்னும் கொஞ்சம். செகண்ட் கியரில் இறங்குங்கள் என்று வழியெல்லாம் போர்டு வைத்திருந்தும், சமவெளியிலிருந்து வருகிறவர்கள் நாலாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பிரேக் சூடேறிப் பிடிமானம் போனால் அவர்கள் நிற்பது முன்னால் போகிற வண்டியின் டிக்கியில். பர்லியாருக்கு மேலே அந்த ரப்பர் கருகும் வாசனை வந்தாலே எங்கள் ஊர் டிரைவர்கள் ஓரம் கட்டி வழிவிட்டுவிடுவார்கள்.

சீசனில் இன்னொன்று. ஏப்ரல், மே மாதங்களில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று பிரித்துவிட்டாலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஹாஃப் கிளட்ச் பழகாதவர்களின் வண்டி பின்னால் உருண்டு அடுத்த வண்டியில் முட்டும். முட்டியவருடைய வண்டிக்கு அது பின்னாலிருந்து வாங்கிய இடிதான்: பின்னால் போய்க்கொண்டிருந்த உடம்பைச் சீட்டு சட்டென்று முன்னால் நிறுத்துகிறது. நடைவேகத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சரிவில் நாலைந்து மீட்டர் உருண்டு வேகம் பிடித்துவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

என் அக்காவுக்கு நடந்தது இந்த வகையில் சேர்த்தி. மே மாதத்து வரிசையில், அருவங்காடு தாண்டி, அவள் ஒரு வாடகைக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஹெட்ரெஸ்ட் கிடையாது, இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஜன்னல் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த வேன் இடித்தது. பம்பரில் கீறல், ஒரு விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். இரண்டு டிரைவர்களும் இறங்கிப் பேசி அங்கேயே முடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி அக்கா சப்பாத்தி சுட்டுக் கொடுத்தாள், நன்றாகத்தான் இருந்தாள். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடியும் வரைக்கும் பிள்ளையை இடுப்பில் தூக்க முடியாமல், துணி காயப்போடக் கையை உயர்த்த முடியாமல், பாதி ராத்திரியில் தலைவலியோடு எழுந்து உட்கார்ந்துகொண்டு இருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எலும்புதான் உடையலையே, அப்புறம் என்ன வலி?"

அந்தக் கேள்வி அவளை வலியைவிட அதிகம் வாட்டியது. இந்தக் காயம் எலும்பில் இல்லை. மூட்டைச் சுற்றிய மெல்லிய உறையிலும் தசைநாரிலும் இருக்கிறது, எக்ஸ்ரேக்கு அது தெரியாது. வலி சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோ ஆரம்பிப்பது வழக்கம். மோதும்போது தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் கழுத்து இன்னும் எளிதில் காயப்படும். சுற்றுலா வந்தவர்கள் மலைப்பாதையில் வேறு எப்படி உட்காருவார்கள்? எல்லாத் தலையும் பள்ளத்தாக்குப் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

வைத்தியத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கம் கழுத்துப் பிடித்துக்கொண்டால் எண்ணெய் போட்டு நீவி, படக்கென்று ஒரு வெட்டு வெட்டிச் சுளுக்கு எடுப்பவர்கள் உண்டு. வண்டி இடித்த கழுத்தை அவர்களிடம் கொடுக்காதீர்கள். முதலில் டாக்டர் பார்க்கட்டும். கை விரல் மரத்துப்போவது, கையில் பலம் குறைவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, தாங்க முடியாத தலைவலி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலும்பும் நரம்பும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால், மாதக்கணக்கில் பட்டை கட்டிப் படுத்துக் கிடப்பதைவிட மெல்ல மெல்லக் கழுத்தை அசைத்து அன்றாட வேலைக்குத் திரும்புவதே நல்லது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கூடிய மருத்துவக் குழு 1995-லேயே இந்த முடிவுக்கு வந்தது.

கழற்றுவதைப் போலவே, இருப்பதைக் கெடுப்பதும் எங்கள் தொழிலில் நடக்கிறது. ஹெட்ரெஸ்ட்டின் ராடு ஒன்றில் பல் வெட்டியிருக்கும். சீட்டின் மேல் இருக்கும் லாக் பட்டன் அந்தப் பல்லில் மாட்டிப் பிடிக்கும். அவசரமாகத் தைத்த சீட் கவர் அந்தப் பட்டனை மூடிவிடும். பிறகு அங்கே ஒரு பட்டன் இருப்பதே வண்டிக்காரருக்குத் தெரியாது. அப்பா கவர் வெட்டும்போது பட்டனுக்குத் தனியாகத் துளை போட்டு, ஓரம் மடித்துத் தைப்பார். அதற்குக் கூடுதல் நேரம் ஆகும், கூலி கேட்க மாட்டார். நீங்கள் எங்கே தைத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிப்பட்டை இருந்தால், அந்த இடத்தைக் கவர் மூடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழுத்துத் தலையணை என்று ஹெட்ரெஸ்ட்டில் எலாஸ்டிக் போட்டுத் தொங்கவிடுகிறார்களே, எலும்புத்துண்டு வடிவத்தில், அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது கழுத்துக்குழியை முன்னால் தள்ளித் தலைக்குப் பின்னால் இடைவெளியைக் கூட்டுகிறது. ஹெட்ரெஸ்ட்டுக்குள் இருப்பது சும்மா பஞ்சு கிடையாது. நடுவில் இரும்புச் சட்டமோ கெட்டி பிளாஸ்டிக் சட்டமோ, சுற்றிலும் அளவு பார்த்து வார்த்த ஃபோம். அதைப் பிரித்து மெத்தென்று இருக்கட்டும் என்று இலவம்பஞ்சு திணித்தால் தலை உள்ளே புதைந்து சட்டத்தில் போய் முட்டும்.

ஹெட்ரெஸ்ட்டின் முதுகுப் பக்கத்துக்கும் வேலை இருக்கிறது. கார் நேராக எதிலாவது மோதினால் பின் சீட்டுக்காரரின் தலை அதில் வந்து விழலாம். ஐரோப்பிய விதிப்படி 6.8 கிலோ எடையுள்ள தலை மாதிரியை 24.1 கி.மீ. வேகத்தில் அதில் மோதவிட்டு, அடி எவ்வளவு தணிகிறது என்று பார்க்கிறார்கள். அப்படிச் சோதித்து வந்த இடத்தில் நாம் டிவி திரை மாட்டுகிறோம், பை தொங்கவிட இரும்புக் கொக்கி மாட்டுகிறோம், பிள்ளைகள் நொறுக்குத்தீனி வைக்க மடக்குத் தட்டு மாட்டுகிறோம். டூரிஸ்ட் வண்டிகளில் இவை இல்லாமல் பார்ப்பதே அரிது. பின்னால் உட்காரும் பிள்ளையின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது என்பதை மாட்டுகிறவர்கள் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்ரெஸ்ட்டைக் கழற்ற முடிவதே ஆபத்தில் கண்ணாடியை உடைப்பதற்காகத்தான், ராடு கூர்மையாக இருப்பது அதற்குத்தான் என்று. அது சரியில்லை. உயரம் மாற்ற, சீட்டை மடிக்க, கவர் மாற்ற வசதியாகத்தான் அது கழன்று வருகிறது. பக்கக் கண்ணாடி சாதாரண டெம்பர்டு கண்ணாடியாக இருந்தால், ராடை மூலையில் செருகி நெம்பினால் உடையலாம். முன் கண்ணாடி போல இரண்டு அடுக்கு ஒட்டிய கண்ணாடியில் அது நடக்காது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஹெட்ரெஸ்ட் தலைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

சரி, எப்படி வைப்பது. வண்டி நிற்கும்போது, சாய்மானத்தை முடிந்தவரை நிமிர்த்தி, இடுப்பை உள்ளே தள்ளி உட்காருங்கள். படுத்த மாதிரி சாய்த்தால் தலைக்கும் திண்டுக்கும் தூரம் கூடும். இடி விழுந்தால் உடம்பு சாய்மானத்தில் வழுக்கி மேலேயும் ஏறும், அப்போது உயரம் போதாது. ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு உச்சந்தலைக்குச் சமமாக வரட்டும். உயரமானவர்களுக்கு அவ்வளவு தூக்க முடியாது என்றால் காதின் மேல்நுனிக்குக் கீழே போகக் கூடாது. பிறகு பக்கத்தில் இருப்பவரை உங்கள் பின்தலைக்கும் திண்டுக்கும் நடுவே கையை நுழைக்கச் சொல்லுங்கள். நாலு விரல் அகலத்துக்குமேல் இடம் இருந்தால் சாய்மானத்தை இன்னும் நிமிர்த்துங்கள். கிளிக் என்று லாக் விழுந்ததா என்று அழுத்திப் பார்த்துவிடுங்கள். லாக் விழாத ஹெட்ரெஸ்ட் இடியில் கீழே இறங்கிவிடும். உயரக் கொண்டை போட்டவர்களும், பின்னந்தலையில் பெரிய பிளாஸ்டிக் கிளிப் குத்தியவர்களும், காரில் ஏறும்போது அதைத் தாழ்வாகவோ பக்கவாட்டிலோ மாற்றிக்கொண்டால் தலை திண்டுக்கு அருகில் வரும். ஊட்டிக் குளிருக்குப் போடும் தடித்த குல்லாயும் மஃப்ளரும் பரவாயில்லை, அவை அமுங்கிக் கொடுக்கும்.

பெண்களின் கழுத்தைப் பற்றி இன்னும் ஒன்று. இந்த வகை மோதலில் ஆண்களைவிடப் பெண்களுக்கே கழுத்துக் காயம் அதிகம் என்பது பல நாட்டுக் கணக்குகளில் தெரிந்த விஷயம். ஆனால் சீட்டுகளைச் சோதிக்க ஸ்வீடனில் உருவாக்கிய பயோரிட் என்ற பொம்மை சராசரி ஆணின் உடம்பைக் கொண்டு செய்தது. உலகம் முழுக்க அதை வைத்தே சோதித்தார்கள். சராசரிப் பெண்ணின் அளவில் பின்மோதலுக்கான பொம்மையை ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 2022-ல்தான் வெளியே கொண்டு வந்தது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நம் நாட்டில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில் காரை 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கமாக மோதவிடுகிறார்கள், பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் இடிக்கிறார்கள். பின்னாலிருந்து இடித்தால் கழுத்து என்ன ஆகும் என்ற சோதனை அதில் சேரவில்லை. சேர்க்க வேண்டும் என்று நான் உரக்கவே கேட்கிறேன். ஐரோப்பாவில் 2009 முதல் நட்சத்திர மதிப்பெண்ணில் அதுவும் உண்டு.

ஜீப்புகளைப் பற்றிக் கேட்பீர்கள். எஸ்டேட் ஆட்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் ஜீப்பில் பின்னால் எதிரும் புதிருமாகப் பலகை சீட்டுகள். பக்கவாட்டில் உட்காருபவருக்கு எந்த ஹெட்ரெஸ்ட்டும் உதவாது, பெல்ட்டும் அநேகமாக இருக்காது. முன்னோக்கி இருக்கும் நடு வரிசையில் இடம் இருந்தால் பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். காரின் பின் சீட்டு நடுவில் பல வண்டிகளில் ஹெட்ரெஸ்ட் கிடையாது. அங்கே உயரமானவரை உட்கார வைக்காதீர்கள். சாய்மானத்துக்கு மேலே யாருடைய காது தெரிகிறதோ அவருக்கு ஓரத்துச் சீட்டு.

மலைக்கு வாடகைக் காரில் வருகிறவர்கள் ஏறும்முன் பின் சீட்டை ஒரு தரம் பாருங்கள். மேலே வெறும் ஓட்டைகள் இருந்தால் டிரைவரிடம் கேளுங்கள். "அண்ணா, ஹெட்ரெஸ்ட் மாட்டிருங்க" என்றால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் டிக்கியிலோ வீட்டுப் பரணிலோ இருக்கும். குன்னூர் வண்டியாக இருந்து, "அது எங்கியோ போச்சுங்க" என்று அவர் சொன்னால், எங்கள் கடைக்கு வந்து வண்டி மாடலைச் சொல்லச் சொல்லுங்கள். சாக்பீஸ் எழுத்தைப் பார்த்து அப்பா எடுத்துத் தருவார், காசு வாங்க மாட்டார்.